வீட்டு அபாயக் கழிவு: ஒருநாள் முகாமா, நிரந்தர மையமா, கடையிலேயே பெட்டியா?

பெயிண்ட், பூச்சிமருந்து, பேட்டரி, காலாவதியான மருந்து போன்ற வீட்டு அபாயக் கழிவைத் தனியாகச் சேகரிக்கலாம் என்று ஒரு பகுதியில் பேச்சு எழுந்தால், கூட்டத்தில் முதலில் வரும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டுவிடலாம். மைதானம் இருக்கிறது, தன்னார்வலர்கள் கிடைப்பார்கள், பேனர் கட்டிவிடலாம். தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகாம் தவிர இன்னும் நான்கு வழிகளாவது இருக்கின்றன. நிரந்தர மையம், சுற்றிவரும் வண்டி, வீட்டு வாசலில் வந்து வாங்குவது, விற்ற கடையே திரும்ப வாங்கிக்கொள்வது. எல்லாவற்றையும் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு முகாமைத் தேர்ந்தெடுத்தால் சரி. வேறொன்றும் தெரியாததால் தேர்ந்தெடுத்தால்தான் பிரச்சினை.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். எத்தனை கிலோ சேர்ந்தது என்பது ஆண்டறிக்கைக்கு அழகான எண். நான் பார்ப்பது வேறொரு கணக்கு. "இது இனி வேண்டாம்" என்று வீட்டில் ஒருவர் முடிவு செய்த நாளுக்கும், அந்தப் பொருள் வாசலைத் தாண்டிப் போகும் நாளுக்கும் நடுவே எவ்வளவு காலம் ஆகிறது? அந்த முடிவு வீடு காலி செய்யும்போது வருகிறது. பெயிண்ட் அடித்து முடித்த மறுநாள் வருகிறது. பெரியவர் ஒருவர் காலமான பிறகு அவருடைய மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது வருகிறது. குழந்தை தவழ ஆரம்பித்ததும் சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது வருகிறது. இவற்றில் எதுவும் முகாம் தேதி பார்த்து வருவதில்லை. இடைவெளி நீண்டால் பாட்டில் குப்பைத்தொட்டிக்கோ சாக்கடைக்கோ போய்விடும், இல்லையென்றால் பரணில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கிலோ ஏன் ஏமாற்றும்

என்னென்ன பொருள்கள் இதில் சேரும் என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இல்லை. இந்தியாவின் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் போட்ட பட்டியல் இது: பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, டியூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, ஊசி. இதோடு தின்னர், ஆசிட், ப்ளீச், நீச்சல் குளத்துக் குளோரின், கழிவு இன்ஜின் ஆயில், எலி மருந்து ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் கிட்டத்தட்ட எல்லாம் வந்துவிடும். ஒரு வீட்டில் இப்படி 100 பவுண்டு, அதாவது 45 கிலோ வரை சேர்ந்து கிடக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறது.

எடைக்கும் ஆபத்துக்கும் இங்கே சம்பந்தமே இல்லை. சேகரிப்பு எங்கே நடந்தாலும் எடையில் முதலிடம் அநேகமாகப் பெயிண்டுக்குத்தான். அதிலும் பெரும்பகுதி தண்ணீரில் கரைக்கும் பெயிண்டாக இருந்துவிட்டால், அது உண்மையில் அபாயக் கழிவே அல்ல என்று சொல்லி, காயவைத்துச் சாதாரணக் குப்பையில் போடுங்கள் என்று பல இடங்களில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் பாதரசத்தைப் பாருங்கள். ஒரு சிஎஃப்எல் பல்பில் இருப்பது சில மில்லிகிராம். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இருக்கும். நூறு பல்பைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்துக் கொண்டுவருபவருக்குக் கைதட்டல் கிடைக்கும். சட்டைப்பையில் ஒரே ஒரு தெர்மாமீட்டரோடு வருபவரும் அதே அளவு பாதரசத்தைத்தான் ஒப்படைக்கிறார், அதை யாரும் கவனிக்கப் போவதில்லை.

அதனால் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, எடை அதிகமான சரக்கை எது வாங்குகிறது, ஆபத்து அதிகமான சரக்கை எது வாங்குகிறது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஒன்றும் செய்யாமல் விட்டால்

இதுவும் ஒரு தேர்வுதான். நிறைய இடங்களில் நடப்பிலிருப்பதும் இதுதான். அமெரிக்காவில் 1976-ல் வந்த கழிவுச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள் வீட்டுக் கழிவுக்கு விலக்குக் கொடுத்தன. ஒரே தின்னர் தொழிற்சாலையில் இருந்தால் அபாயக் கழிவு, வீட்டுத் தொட்டியில் விழுந்தால் சாதாரணக் குப்பை. சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியலாம், தின்னருக்குத் தெரியாது.

விலையைக் கொடுப்பவர் குப்பை அள்ளும் தொழிலாளி. குப்பையை நசுக்கும் லாரிக்குள் ப்ளீச்சும் கழிப்பறை ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு. நீச்சல் குளத்துக்குப் போடும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் பிரேக் ஆயில் பட்டால், தீப்பெட்டியே தேவையில்லை, சற்று நேரத்தில் தானாகப் பற்றி எரியும். லித்தியம் பேட்டரி நசுங்கினாலும் அப்படித்தான். தீப்பிடித்த சுமையை நடுரோட்டிலேயே கொட்டிவிட்டு அணைக்க வேண்டிய நிலை ஓட்டுநருக்கு வருகிறது. வீட்டுக்குள் பத்து வருடம் அமைதியாக இருந்த பொருள்கள், லாரியில்தான் முதன்முதலாக ஒன்றையொன்று சந்திக்கின்றன.

ஒருநாள் முகாம்

நன்றாக நடக்கும் முகாமில் வாகனத்திலிருந்து யாரும் இறங்குவதில்லை. வண்டி வரிசையில் நகர்ந்து வரும், பின்பக்கக் கதவைப் பணியாளரே திறப்பார், உள்ளே இருப்பதைத் தள்ளுவண்டியில் எடுத்து வைப்பார். அங்கிருந்து பிரிக்கும் மேசைக்குப் போகும். எரியக்கூடியது, ஆசிட், காரம், ஆக்சிஜன் விட்டு எரியூட்டக்கூடியது, நஞ்சு என்று அங்கே இனம் பிரிப்பார்கள். லேபிள் இல்லாத பாட்டில்தான் மேசையின் வேகத்தைக் குறைக்கும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பது எந்தக் காலத்திலும் கூடாது. பிஎச் தாளை ஒரு சொட்டில் நனைத்து ஆசிட்டா காரமா என்று பார்ப்பார்கள், தண்ணீரில் கலக்கிறதா மிதக்கிறதா என்று பார்ப்பார்கள், துளி அளவில் எரிகிறதா என்று சோதிப்பார்கள். அப்புறம் 200 லிட்டர் இரும்பு டிரம்மில் பாட்டில்களை நிமிர்த்தி வைத்து, இடைவெளியெல்லாம் வெர்மிகுலைட் போன்ற உறிஞ்சும் துகளைக் கொட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை ஒட்டி மூடுவார்கள்.

செலவு ஏறும் இடமும் அந்த டிரம்தான். அதில் பாதிக்கு மேல் துகளும் காற்றும். அழிப்பு நிலையத்துக்காரர் டிரம் கணக்கில் பணம் வாங்கினால் நாம் காற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். தின்னரையும் எண்ணெய்ப் பெயிண்டையும் ஒரே டிரம்மில் ஊற்றிச் சேர்த்தால் செலவு வெகுவாகக் குறையும். அதற்குக் காற்றோட்டமான அறை வேண்டும், தீத்தடுப்பு அனுமதி வேண்டும், நிதானமாக வேலை செய்ய நேரம் வேண்டும். மைதானத்தில் ஷாமியானாவுக்கு அடியில் இது மூன்றும் கிடையாது. ஒப்பந்தக்காரர் ஆளும் வண்டியும் கொண்டுவந்து இறக்குவதற்கே ஒரு தொகை வாங்குவார். மழை கொட்டி யாருமே வராவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும்.

கூட்டம் குறைந்தால் நஷ்டம், கூடினாலும் சிக்கல். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, டிரம் தீர்ந்துவிட்டது என்று திரும்பிப் போனவர் அடுத்த வருடம் வரமாட்டார். நன்றாக விளம்பரம் செய்த முகாமுக்குக்கூடப் பகுதியின் மொத்த வீடுகளில் சிறு பங்குதான் வரும். வருகிறவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும், முகாமுக்கு ஒரு வேலை உண்டு. அதை வேறெந்த ஏற்பாடும் அவ்வளவு நன்றாகச் செய்யாது. பல பத்தாண்டு பரண் சரக்கை ஒரே மூச்சில் வெளியே கொண்டுவருவதுதான் அது. டிடிடி போல எப்போதோ தடைசெய்யப்பட்ட பூச்சிமருந்துகள் இன்னமும் வீடுகளிலிருந்து கிடைக்கின்றன. முதல் முகாமில் வருவதைக் கவனமாக எழுதி வைத்தால், அந்தப் பகுதிக்கு அடுத்து என்ன ஏற்பாடு தேவை என்பதற்கு அதைவிட நல்ல கணக்கெடுப்பு கிடையாது. பேனருக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை இந்தப் பதிவேட்டுக்குச் செலவழிக்கலாம்.

நிரந்தர மையம்

பெயரைக் கேட்டால் பெரிய கட்டடம் மனதில் வரும். தேவை அவ்வளவு இல்லை. கசிந்தால் தேங்கி நிற்கும்படி தரையில் தொட்டி அமைந்த இரும்பு அறை ஒன்றிரண்டு, காற்றோட்டம், தீப்பொறி வராத விளக்கும் சுவிட்சும், கண் கழுவும் குழாய், அவசரக் குளியல் ஷவர், ஆசிட்டையும் காரத்தையும் தனித்தனியாக வைக்க இடம், பயிற்சி பெற்ற இரண்டு பேர். வாரத்தில் இரண்டு அரைநாள் திறந்திருந்தாலே போதும். எல்லா நாளும் திறக்க முடியவில்லையே என்று மையத்தையே கைவிடுவது வீண். அதே இரண்டு அரைநாள் வருடம் முழுக்க மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

நான் மேலே சொன்ன கணக்கில் மையம் முகாமை எளிதாக வென்றுவிடும். முகாமுக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டிய பாட்டில், மையம் இருந்தால் அதே வாரத்தில் வீட்டை விட்டுப் போய்விடும். தின்னரை ஊற்றிச் சேர்க்க இங்கே நேரம் உண்டு. நிறைந்த டிரம்மை மட்டும் அனுப்பலாம். பணியாளர்கள் மாறாமல் இருப்பதால், லேபிள் போன டப்பாவைப் பார்த்தவுடனே பாதி அடையாளம் சொல்லிவிடும் பழக்கமும் அவர்களுக்கு வந்துவிடும்.

கூடவே ஒரு மறுபயன்பாட்டு அலமாரி வைத்தால் இன்னும் நல்லது. திறக்காத டப்பா, பாதி மீந்த நல்ல பெயிண்ட், முழு பாட்டில் துப்புரவுத் திரவம் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போகலாம். அழிக்கும் செலவு அந்த அளவுக்கு மிச்சம். லேபிள் இல்லாததும் தடைசெய்யப்பட்டதும் அந்த அலமாரிக்குப் போகக் கூடாது, எடுப்பவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

மையத்தின் பலவீனம் தூரம். அந்த 2016 இந்திய விதிகள் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் என்று எழுதின. தாளில் அது மிக நல்ல அளவு. அவ்வளவு நெருக்கமாக இருந்தால் சைக்கிளில்கூடக் கொண்டுபோய்விடலாம். ஆனால் பல ஊர்களுக்குச் சேர்த்து ஒன்று என்று ஆகிவிட்டால் வண்டி இல்லாதவருக்கு மையம் இருந்தும் இல்லாததுதான். ஆசிட் பாட்டிலைப் பையில் போட்டுப் பேருந்தில் ஏறச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இடம் தேடும்போது அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள். "விஷத்தையெல்லாம் எங்கள் தெருவிலா கொண்டுவந்து வைப்பீர்கள்?" அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. தீத்தடுப்பு ஏற்பாட்டை நேரில் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அதே சரக்கு இப்போது அவர்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் தொட்டியும் இல்லாமல் காற்றோட்டமும் இல்லாமல் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பதமாகச் சொல்லலாம்.

மையம் திறந்தால் சின்னத் தொழில்காரர்கள் வருவார்கள். பெயிண்டர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக். வீட்டுக் கழிவு மட்டும்தான் என்று விரட்டினால் அடுத்த முறை வீட்டுக்காரர் வேஷத்தில் வருவார்கள், இல்லையென்றால் சாக்கடையில் ஊற்றிவிடுவார்கள். மாதம் 100 கிலோவுக்கு மேல் போகாத அபாயக் கழிவு உள்ள தொழில்களுக்கு அமெரிக்க விதிகள் தனி வகுப்பு வைத்திருக்கின்றன. பல மையங்கள் அவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சரக்கை எடுத்துக்கொள்கின்றன. முதல் நாளிலேயே இதற்கு ஒரு வழி வைத்துவிடுவது நல்லது.

சுற்றிவரும் வண்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்டி, 1989-லேயே இப்படி ஒரு வண்டியை ஓட விட்டது. ஜெர்மனியில் நகராட்சிகள் அனுப்பும் இத்தகைய வண்டிகள் சாதாரணக் காட்சி. இந்த நேரத்துக்கு இந்த இடத்தில் நிற்கும் என்று அட்டவணை போட்டு விடுகிறார்கள், மக்கள் பையோடு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒருவிதத்தில் இது சக்கரம் வைத்த மையம், இன்னொரு விதத்தில் சின்னச் சின்ன முகாம்களின் தொடர். வீடுகள் சிதறிக் கிடக்கும் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. வண்டி போய்ச் சேர ஒரு மையம் எங்காவது இருந்தே ஆக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. தனியாக வண்டியை மட்டும் வாங்கினால் சுமையோடு இரவு எங்கே நிறுத்துவது என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

வாசலுக்கே வந்து வாங்குவது

டென்மார்க்கில் பல நகராட்சிகள் வீட்டுக்கு ஒரு சிவப்புப் பெட்டி கொடுத்திருக்கின்றன. பேட்டரி, பல்பு, ஸ்ப்ரே, தீர்ந்துபோன வேதிப்பொருள்கள் எல்லாம் அதற்குள். நிறைந்ததும் ஒப்படைத்துவிட்டு வேறு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். சில ஊர்களில் தொலைபேசியில் நேரம் கேட்டு வைத்தால் வந்து எடுத்துப்போவார்கள். வயதானவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் இதுதான் வழி. எல்லா வீட்டுக்கும் செய்ய வேண்டுமென்றால் செலவு தாங்காது.

தினமும் வரும் குப்பை வண்டியிலேயே இதையும் கொடுத்துவிடலாமே என்று உடனே கேட்பார்கள். பேட்டரி, உடையாத பல்பு, மாத்திரை ஆகியவற்றுக்கு வண்டியில் தனிப் பெட்டி இருந்தால் சரி. திரவத்துக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயிற்சியும் இல்லை, சரியான கையுறையும் இல்லை, ஆசிட் கசிந்தால் கழுவிக்கொள்ளத் தண்ணீரும் இல்லை என்ற நிலையில் இருக்கும் ஒருவர் தலையில் நம் வசதிக்காக இன்னொரு சுமையை ஏற்றுவது நியாயமே இல்லை. வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போவதும் வேண்டாம். குழந்தை, நாய், மழை மூன்றும் வண்டிக்கு முன்னால் வந்துவிடும்.

விற்ற கடையிலேயே திரும்பக் கொடுப்பது

எடை அதிகமான சரக்குக்கு என் முதல் ஓட்டு இதற்குத்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1994-லேயே மீந்த பெயிண்டுக்கான பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2009-ல் சட்டம் போட்டு, 2010-ல் திட்டத்தைத் தொடங்கியது. டப்பா வாங்கும்போதே ஒரு சிறு கட்டணம் சேர்ந்துவிடும், மீந்ததைப் பெயிண்ட் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். எடையில் முதலிடம் பெயிண்டுக்கு என்று சொன்னேன் அல்லவா, அந்தப் பாரம் உள்ளாட்சியின் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது. மையத்துக்குக் கிடைக்கும் சின்ன நிதி நஞ்சுக்கும் ஆசிட்டுக்கும் மிச்சமாகிறது.

பேட்டரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் உத்தரவு போட்டது. சிறு பேட்டரி விற்கும் கடை அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், நாடுகள் 2016-க்குள் 45 சதவீதம் சேகரிக்க வேண்டும் என்று இலக்கு. 2023-ல் வந்த புதிய ஒழுங்குமுறை அதை 2027-க்குள் 63 சதவீதம், 2030-க்குள் 73 சதவீதம் என்று உயர்த்தியிருக்கிறது. கடைக்குக் கடை பெட்டி, பின்னால் சட்டம், இத்தனை இருந்தும் ஐரோப்பாவே வைத்துக்கொண்ட இலக்கு இவ்வளவுதான். ஒரு குடியிருப்போர் சங்கம் தன் முதல் வருடச் சேகரிப்பு இலக்கை எழுதும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பின்னால் மனம் உடையாது.

மருந்துக்கு மருந்துக்கடைதான் இயல்பான இடம். அமெரிக்காவில் நடந்த கதை இந்த ஒப்பீட்டுக்கு நல்ல பாடம். போதைப்பொருள் தடுப்பு நிர்வாகம் 2010-ல் மருந்து ஒப்படைப்பு நாள் என்று முகாம் தொடங்கியது, வருடத்துக்கு இரண்டு முறை. மற்ற நாளில் என்ன செய்வது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? 2014-ல் விதி மாறியது. பதிவுபெற்ற மருந்துக்கடைகள் நிரந்தரப் பூட்டுப் பெட்டி வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. முகாமை அதோடு நிறுத்தினார்கள், ஆனால் 2015-லேயே மறுபடி தொடங்கிவிட்டார்கள், இப்போது இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

கடை வழிக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பத்து வருடப் பழைய பூச்சிமருந்துக்கும், லேபிள் போன ஆசிட்டுக்கும், தாத்தா எதற்கோ வாங்கி வைத்த பாதரசத்துக்கும் எந்தக் கடையும் பொறுப்பெடுக்காது. ஆபத்து அதிகமான சரக்கு அநேகமாக இப்படி அநாதையாகத்தான் வரும். சட்டத்தின் துணை இல்லாமல் நல்ல மனதோடு ஒரு கடைக்காரர் வைக்கும் பெட்டியும் அதிக நாள் தாங்காது. நிறையும், யாரும் காலி செய்ய வரமாட்டார்கள், கல்லாவுக்கு அடியில் போகும், கடைசியில் காணாமல் போகும். யார், எந்தக் கிழமையில் வந்து எடுப்பார் என்பதை எழுதி வாங்காமல் எந்தக் கடையிலும் பெட்டி வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரியின் இரு முனையிலும் டேப் ஒட்டித்தான் போட வேண்டும். உப்பிப்போன பேட்டரி அந்தப் பெட்டிக்கே வரக் கூடாது, அதற்குத் தனியாக ஒரு மணல் வாளி வேண்டும்.

டியூப்லைட்டுக்கென்று பெரிய முதலீடு செய்யும் யோசனை இருந்தால் கொஞ்சம் நிதானிக்கலாம். பாதரசம் பற்றிய மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-ல் கூடி, 2027-க்குள் அவற்றின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த முடிவெடுத்தன. வீடுகளில் இருப்பது இன்னும் சில வருடம் வந்துகொண்டிருக்கும், ஆனால் குறைந்துகொண்டேதான் வரும்.

சேகரித்த பிறகு

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் முடிவாக வேண்டியது கடைசிப் படி. தின்னர் வகைகள் சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகப் போகலாம். ஆசிட்டையும் காரத்தையும் சமன்படுத்துவார்கள். பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிரித்தெடுப்பார்கள். குளோரின் கலந்த பூச்சிமருந்துகளுக்கு 1100 டிகிரி செல்சியசுக்கு மேல் எரிக்கும் உலை வேண்டும். இவற்றுக்கு உரிமம் பெற்ற நிலையம் எது, அங்கே கொண்டுபோகும் வண்டி யாருடையது, போய்ச் சேர்ந்ததற்கு ரசீது யார் தருவார்கள்? இதற்குப் பதில் கையில் இல்லாமல் சேகரிக்கத் தொடங்குவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஆயிரம் வீட்டில் ஆயிரம் பாட்டிலாகப் பிரிந்து கிடந்தது, பள்ளிக்கூடத்துப் பின்பக்கக் கொட்டகையில் ஒன்றாகக் குவிந்து கிடப்பது முன்னேற்றம் ஆகாது.

கழிவு ஆயில் இதில் தனி ரகம். அழுக்கை நீக்கிச் சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாகவே பயன்படும், வாங்கிக்கொள்ளவும் ஆள் உண்டு. ஆனால் யாராவது ஒருவர் குளோரின் உள்ள கரைப்பானை அதில் கலந்துவிட்டால் தொட்டி முழுதும் வீண். அமெரிக்க விதியில் குளோரின் போன்ற ஹாலஜன் தனிமங்களின் அளவு பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டினாலே அந்த ஆயிலை அபாயக் கழிவு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஆயில் தொட்டியின் வாயை மக்களே ஊற்றும்படி திறந்து வைக்கக் கூடாது, பணியாளர் வாங்கித்தான் ஊற்ற வேண்டும். ஈய பேட்டரியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. ஈயத்துக்கு விலை இருப்பதால் அது தானாகவே வீட்டை விட்டுப் போய்விடும். போய்ச் சேரும் இடம் உரிமம் பெற்றதா என்பது மட்டும் தனிக் கேள்வி.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. வாசலில் பணம் கேட்டால் சரக்கு வராது. பொருளை வாங்கும்போதே சேர்த்து வாங்கலாம், எல்லாரும் கட்டும் குப்பைக் கட்டணத்தில் சேர்க்கலாம். ஒப்படைக்க வந்தவரிடம் கேட்பது, சாக்கடையில் ஊற்றினால் இலவசம் என்று சொல்லிக்கொடுப்பதற்குச் சமம்.

எதை எடுப்பது

உள்ளாட்சி அமைப்பு என் யோசனையைக் கேட்டால், அழிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் முதலில். அடுத்தது ஒரே ஒரு முகாம், அதில் வந்ததைப் பொருள்வாரியாகப் பதிவு செய்ய ஒரு ஆள். அந்தப் பதிவைப் பார்த்து வாரம் இரண்டு அரைநாள் திறக்கும் சின்ன மையம். வீடுகள் நெருக்கமாக இருந்தால் மையத்தோடு நிறுத்திக்கொண்டு, வர முடியாதவர்களுக்கு மட்டும் நேரம் குறித்து வாசலுக்குப் போகலாம். சிதறிக் கிடந்தால் மையத்திலிருந்து கிளம்பும் வண்டி. பெயிண்டையும் பேட்டரியையும் கடைக்குத் தள்ளச் சட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். வருடா வருடம் முகாம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பதற்கு, பணம் அதற்கு மேல் இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

குடியிருப்போர் சங்கத்தின் நிலை வேறு. ஆசிட், தின்னர், பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள். அதற்கான அறையும் ஆளும் உங்களிடம் இல்லை. பேட்டரி, உடையாத பல்பு இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரை உள்ள, பூட்டக்கூடிய இடத்தில் இரண்டு பெட்டி, டேப் சுருள் ஒன்று, மணல் வாளி ஒன்று, மாதம் ஒருமுறை வந்து எடுத்துச் செல்ல எழுத்தில் ஒப்புக்கொண்ட மறுசுழற்சி நிறுவனம். மருந்துக்குப் பக்கத்து மருந்துக்கடையிடமோ மருத்துவமனையிடமோ பேசிப் பாருங்கள். ஊசி மட்டும் இவை எதிலும் சேராது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வீட்டில் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவக் கழிவை எடுக்கும் இடத்தில் நேரடியாகக் கொடுக்கட்டும். மற்ற திரவங்கள் யார் யார் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, அதை இணைத்து, மையம் கேட்டு உள்ளாட்சிக்கு மனு கொடுங்கள். வெறும் மனுவைவிட, இத்தனை வீட்டில் இத்தனை லிட்டர் என்று எழுதிய மனுவை ஒதுக்கி வைப்பது கஷ்டம்.